மலைத்தோட்டத்துக் காபி: பச்சைக் கொட்டையா, பாக்கெட்டா, முக்குக்கடைப் பொடியா?

போன தை மாதம் மச்சான் குடும்பத்தோடு கீழ்ப்பழனி மலையில் இருக்கும் தாண்டிக்குடி போய்விட்டு ஐந்து கிலோ காபிக் கொட்டையோடு வந்து இறங்கினார். தங்கியிருந்த வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி, மலைவாழை, நடுவில் காபிச் செடி. "நம்ம தோட்டத்துக் கொட்டை, கொண்டு போங்க" என்று அவர் நிறுத்துக் கொடுக்க, இவரும் காசு கொடுத்து வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் சாம்பல் பச்சை நிறத்தில், காய்ந்த புல் வாசனையோடு, கல் மாதிரி இருக்கிறது. "மாப்ளே, இதை வச்சு என்ன பண்றது?" என்று எனக்குப் போன்.

அதே வாரம் அலுவலக நண்பர் ஒருவர் 250 கிராம் 600 ரூபாய்க்கு ஒரு 'சிறு தோட்டத்து' பாக்கெட் வரவழைத்து, ஃபில்டரில் போட்டுப் பால் ஊற்றிக் குடித்துவிட்டு, "புளிக்குதுப்பா" என்று முகத்தைச் சுளித்தார். இரண்டு கதையையும் கேட்ட அம்மா, "முக்குக்கடைப் பொடிக்கு என்ன குறைச்சல்?" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

மலையில் சின்னக் குடும்பங்கள் விளைவிக்கும் நல்ல காபி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு முன்னால் இருப்பது இந்த மூன்று வழிகள்தான். மூன்றிலும் நான் காசு செலவழித்திருக்கிறேன், ஒன்றில் வாணலியையும் கெடுத்திருக்கிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

நீங்கள் காபியை எப்படிக் குடிக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாலும் சர்க்கரையும் சேர்த்தா, பாலில்லாமலா? கடைக்காரர்களும் இதைக் கேட்பதில்லை, வாங்குகிறவர்களும் யோசிப்பதில்லை. 600 ரூபாய் வீணாவது இங்கேதான். ஒரு மலையின் காபியை இன்னொரு மலையின் காபியிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய பழ வாசனை, பூ வாசனை, இளம்புளிப்பு எல்லாம் முக்கால் டம்ளர் பாலுக்குள் போனதும் அடங்கிவிடும். பாலுக்கு வேண்டியது திடமும் கசப்பும்.

அடுத்தது வறுத்த தேதி. வறுத்த கொட்டையிலிருந்து சில நாள் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் சுவை கூடி வரும், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மங்கும். பொடியாக அரைத்துவிட்டால் கணக்கு வாரங்களில் இல்லை, நாட்களில். எவ்வளவு அரிய தோட்டமாக இருந்தாலும் மூன்று மாதப் பொடி பழைய பொடிதான்.

பிறகு, எந்தத் தோட்டம் என்று உறுதியாகத் தெரிகிறதா, கொடுக்கும் காசில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது, ஒரு டம்ளருக்கு என்ன ஆகிறது, நம் பக்கம் எவ்வளவு வேலை. விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் டம்ளருக்குப் பாருங்கள். கலப்பில்லாத பொடி ஒரு டம்ளருக்குச் சுமார் 10 கிராம் போகும் என்று வைத்துக்கொண்டுதான் கீழே கணக்குப் போட்டிருக்கிறேன்.

தோட்டத்தின் பெயர் பற்றி ஒரு பழைய கதை. பாட்டி காலத்தில் யாரும் 'எந்தத் தோட்டத்துக் காபி?' என்று கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. 1942-ன் காபிச் சட்டத்துக்குப் பிறகு, விளைந்த காபியை எல்லாம் காபி வாரியத்தின் பொதுக் கிடங்கில் கொடுத்துவிட வேண்டும். அங்கே தரவாரியாகக் கலந்து ஏலத்துக்குப் போகும், விவசாயிக்குத் தவணை தவணையாகப் பணம் வரும். நன்றாகப் பறித்தவனுக்கும் ஏனோதானோவென்று பறித்தவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1990-களில் இந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல்தான் எல்லா விவசாயிகளும் தங்கள் காபியை முழுக்கத் தாங்களே விற்றுக்கொள்ளலாம் என்றானது. ஆகவே பாக்கெட்டில் தோட்டப் பெயர் என்பது நேற்று வந்த பழக்கம். ஏலத்தில் வாங்கும் வியாபாரிக்கு இன்னமும் தரமும் அளவும்தான் முக்கியம், பெயர் இல்லை.

## வழி 1: தோட்டத்திலிருந்து பச்சைக் கொட்டை

மச்சான் தெரியாமல் இறங்கிய வழி. மூன்றில் அதிக மகிழ்ச்சி தருவதும் இதுதான், அதிகம் ஏமாறக்கூடியதும் இதுதான்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் பக்கமெல்லாம் மென்சுவைக் காபி இனமான அராபிகா விளைகிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி, காபியை உமி நீக்கித் தரம் பிரிக்கும் தொழிலுக்குப் பேர்போன ஊர். சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் கொடுத்த சவுந்தரபாண்டியனாரின் ஊரும் அதுதான். பஜாரில் நின்று காபி குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

இந்த மலைகளில் இரண்டு மூன்று ஏக்கர்க்காரர்கள் ஏராளம். நாடு முழுவதுமே இதுதான் நிலை. காபி வாரியக் கணக்கில் சிறு விவசாயி என்றால் 10 ஹெக்டேருக்கு உட்பட்டவர், இந்தியாவின் காபித் தோட்டங்களில் நூற்றுக்கு 98-க்கு மேல் அவர்களுடையவை. ஐப்பசி கார்த்திகையில் தொடங்கி மாசி வரை பறிப்பு. செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகச் சிவக்காது. நல்ல காபி வேண்டுமென்றால் ஒரே செடிக்கு நாலைந்து தடவை வர வேண்டும். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்குச் சுமார் 6 கிலோ பழம் வேண்டும். கூலி ஆள் வைத்துப் பறிப்பவருக்கு இது கட்டுபடியாகாது என்பதால் பச்சையும் சிவப்புமாக ஒரே உருவாக உருவிவிடுகிறார்கள். குடும்பமே பறிக்கும் சின்னத் தோட்டத்தின் நிஜமான அனுகூலம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்திடம் தோல் நீக்கும் பல்பர் இயந்திரமும், கழுவத் தண்ணீரும், காயவைக்க நல்ல களமும் இருந்தால்தான் பறிப்பில் கிடைத்தது கொட்டைவரை வந்து சேரும். இல்லாவிட்டால் பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்துவார்கள். இதற்கு வியாபாரத்தில் 'செர்ரி' என்று பெயர். தோல் நீக்கிக் கழுவிய அராபிகாவுக்கு 'பிளாண்டேஷன்'. செர்ரி மட்டம் என்று நினைக்க வேண்டாம். பழுத்த பழமாகப் பொறுக்கி, மெல்லிசாகப் பரப்பி, கிளறிக் கிளறி உலர்த்திய செர்ரி தேன் போல இருக்கும். மண் தரையில் குவித்து வைத்து உலர்த்தியது மூட்டை வாசனை அடிக்கும்.

எப்படிப் பார்த்து வாங்குவது? ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள். நன்கு உலர்ந்தது பல்லுக்கு மசியாது. பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது, மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். கழுவிய கொட்டை நீலம் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தால் போன வருடத்தது. ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பினால் கறுப்புக் கொட்டை, உடைசல், ஊசித்துளை போட்ட கொட்டை எல்லாம் தெரிந்துவிடும். ஊசித்துளை, காய்த்துளைப்பான் வண்டின் வேலை. 1990-ல் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதல் தடவையாகத் தென்பட்டு, பிறகு மற்ற மலைகளுக்கும் பரவிய பூச்சி அது. ஓரிரண்டு இருந்தால் பரவாயில்லை, பத்துக்கு ஒன்று என்றால் வேண்டாம். வாங்குவதைத் தை, மாசி, பங்குனியில் முடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கொட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இதில் மறைந்திருக்கும் செலவு என்னென்ன? வறுக்கும்போது எடை ஆறில் ஒரு பங்கு குறையும், ஒரு கிலோ சுமார் 830 கிராம் ஆகிவிடும். கிலோ 650 ரூபாய்க்கு வாங்கி, கூரியருக்கு 80 ரூபாய் கொடுத்ததாக வைத்துக்கொண்டால் டம்ளருக்கு 9 ரூபாய்க்குள் முடிகிறது. மலிவுதான். ஆனால் என் முதல் அரைக் கிலோ குப்பைக்குப் போனது, இரண்டாவது பாதிக்குப் பாதி. புகை எழும்பி, எதிர்வீட்டு அக்கா "என்ன தம்பி, ஏதும் கருகுதா?" என்று கதவைத் தட்டினார். அரைப்பதற்குக் கையால் சுற்றும் கிரைண்டர் இல்லாவிட்டால் மிக்ஸிதான். அதில் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும். மாவு ஃபில்டரை அடைக்கும், குருணையிலிருந்து ஒன்றும் இறங்காது.

வறுக்கும் விதம் இதுதான். கனமான இரும்பு வாணலியில் 200 கிராமுக்கு மேல் போடாமல், கை ஓயாமல் கிளற வேண்டும். நாலைந்து நிமிடத்தில் மஞ்சளாகும், புல் வாசனை போய் ரொட்டி வாசனை வரும். பத்து நிமிடம் வாக்கில் பொரி பொரிவதுபோல் 'பட் பட்' என்று வெடிக்கும். பாலில்லாமல் குடிப்பவர்கள் இந்த வெடிப்பு ஓய்ந்த சற்று நேரத்தில் இறக்கலாம். ஃபில்டர் காபிக்கு இன்னும் கொஞ்சம் போக வேண்டும். சிறுசாக, கடுகு தாளிப்பது போல் இரண்டாவது வெடிப்பு கேட்கத் தொடங்கும்போது இறக்கி முறத்தில் கொட்டி விசிறியடியில் ஆறவைக்க வேண்டும். தாமதித்தால் தன் சூட்டிலேயே கருகும். உமி பறக்கும், ஆகவே மொட்டை மாடி உத்தமம். இரண்டு நாள் வைத்திருந்து அரையுங்கள்.

யாருக்கு ஏற்றது: வருடத்துக்கு ஒரு தடவையாவது மலைக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கச் சலிக்காதவர், கொட்டை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது என்பதை ரசிக்கிறவர். காலை ஆறு மணிக்குக் காபி தப்பினால் வீடே குலுங்கும் குடும்பங்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

## வழி 2: ஸ்பெஷாலிட்டி பாக்கெட்

'ஸ்பெஷாலிட்டி' என்பது வெறும் விளம்பரச் சொல் இல்லை. பயிற்சி பெற்ற சுவைஞர்கள் காபியைச் சுவைத்து 100-க்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று உலக அளவில் நீண்ட காலமாகப் புழங்குகிறது. 80-ம் அதற்கு மேலும் வாங்கியதே ஸ்பெஷாலிட்டி. 350 கிராம் பச்சைக் கொட்டையில் இத்தனை சொத்தைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கணக்கும் உண்டு. நல்ல நிறுவனங்களின் பாக்கெட்டில் தோட்டம், உயரம், ரகம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி எல்லாம் இருக்கும். ரகம் எஸ்.795 என்று போட்டிருந்தால் அது 1940-களில் வெளிவந்த பழைய நம்பிக்கையான ரகம். 'செலக்‌ஷன் 9' என்றால் எத்தியோப்பிய இரத்தம் கலந்தது, பூவாசனைக்குப் பெயர் பெற்றது.

வறுப்பு சீராக இருக்கும், கொட்டை சொத்தையில்லாமல் இருக்கும், உங்கள் கருவியைச் சொன்னால் அதற்கேற்ப அரைத்து அனுப்புவார்கள். பால் சேர்க்காமல் குடிக்கிறவருக்கு நான் யோசிக்காமல் இந்த வழியைத்தான் சொல்வேன்.

விலை? 250 கிராம் 450 ரூபாயிலிருந்து 700 வரை சாதாரணம். 600 என்றால் டம்ளருக்கு 24 ரூபாய். நால்வர் உள்ள வீட்டில் இரண்டு வேளைக்கு மாதம் 5,700 ரூபாயைத் தாண்டிவிடும். மளிகைக் கணக்கு எழுதும் கை நடுங்கும்.

இரண்டாவது சிக்கல், நண்பர் முகம் சுளித்த அதே புளிப்பு. இந்தப் பாக்கெட்டுகளில் பல இளவறுப்பு. அவை வடிதாளில் வெந்நீர் ஊற்றி வடிக்கும் முறைக்காகவே வறுக்கப்படுகின்றன. நம் பித்தளை ஃபில்டரில் போட்டால் டிகாஷன் நீர்த்து இறங்கும், பாலோடு சேர்ந்ததும் புளிப்பு மட்டும் தனியாக நிற்கும். காபி மேல் குற்றமில்லை, பொருத்தம்தான் இல்லை. பாலுக்கு என்றால் 'மீடியம் டார்க்' வறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. பாக்கெட்டில் 'ஒரே தோட்டத்துக் காபி' என்று போட்டிருந்தால் அது சின்னக் குடும்பத்தின் தோட்டம் என்று ஆகிவிடாது. நூற்றுக்கணக்கான ஏக்கர் எஸ்டேட்டும் ஒரே தோட்டம்தான். சொந்தப் பல்பரும் சிமென்ட் களமும் சுவைத்துப் பார்க்கும் அறையும் வைத்திருக்கும் பெரிய தோட்டங்களுக்குத்தான் ஸ்பெஷாலிட்டிக் கொட்டை தயாரிப்பது சுலபம். அவர்கள் காபி மோசம் என்று சொல்லவில்லை, பல தடவை மிகச் சிறந்தது அவர்களுடையதுதான். ஆனால் சிறு விவசாயிக்குப் போகட்டும் என்று நினைத்துக் கொடுத்த காசு வேறு இடத்துக்குப் போகலாம். எத்தனை ஏக்கர், பழத்தை விவசாயியிடம் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். நல்ல நிறுவனம் பதில் சொல்லும்.

காசு எங்கே போகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. 250 கிராம் வறுத்த காபிக்கு 300 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். நிறுவனம் தாராளமாகக் கிலோவுக்கு 700 ரூபாய் கொடுத்து வாங்கியதாகவே வைத்துக்கொண்டாலும் 210 ரூபாய். மீதி 390 வறுப்பு, உறை, கூரியர், கடை லாபம், வரி. அநியாயம் என்று சொல்ல மாட்டேன், வறுக்கிறவரும் பிழைக்க வேண்டும். விவசாயிக்கு முழுப் பணமும் போகிறது என்ற நினைப்போடு வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சின்னக் குடும்பத்துக் காபிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இந்த வழியில் ஒரு நல்ல வாசல், ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கு. அங்கே விளைவிப்பவர்கள் பழங்குடிக் குடும்பங்கள், ஆளுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். தனித்தனியாகப் பதப்படுத்தாமல் கூட்டுறவாகப் பழத்தைச் சேர்த்து ஓரிடத்தில் பதப்படுத்தும் ஏற்பாடு வேரூன்றியிருக்கிறது. பல்பரும் களமும் இல்லாத ஏழை விவசாயியின் பழம் வீணாகாமல் போவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2017-ல் பாரிஸ் நகரத்திலேயே அரக்கு காபிக்குக் கடை திறந்தார்கள். ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்ல முடியாது, ஊர்க் கூட்டத்தின் பெயரைச் சொல்லலாம். எனக்கு அது போதும்.

2019-ல் குடகு, சிக்கமகளூரு, பாபாபுதன்கிரி, அரக்கு அராபிகாக்களுக்கும் வயநாட்டு ரோபஸ்டாவுக்கும் (கசப்பும் திடமும் கூடிய, மலிவான இன்னொரு காபி இனம்) புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் நம் மலை ஒன்றும் இல்லை. 1820-களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்து நட்ட ஏற்காடு இல்லை, கீழ்ப்பழனியும் இல்லை. குறியீடு இல்லாததால் காபி குறைந்துவிடாது. பாக்கெட்டில் 'சேர்வராய்' (ஏற்காடு இருக்கும் மலை) என்றோ 'பழனி மலை' என்றோ போட்டிருந்தால் அதைச் சோதிக்க வாங்குகிறவருக்கு ஒரு பிடிமானம் குறைவு, அவ்வளவுதான்.

புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டை என்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பதையும் இந்த வரிசையில் கேட்பார்கள். அதற்கு என் வாக்கு கிடையாது. இந்தோனேசியாவில் அந்த மோகம் விலங்குகளைக் கூண்டில் அடைப்பதில் கொண்டுபோய் விட்டது. சுவையிலும் நல்ல தாண்டிக்குடிக் காபி அதற்கு இளைத்ததில்லை.

## வழி 3: முக்குக்கடைப் பொடி

அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கண்ணெதிரே வறுத்து, கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறாத பொட்டலமாகத் தருகிற கடை தெருவில் இருந்தால் வறுத்த தேதி என்ற பரீட்சையில் அவர்தான் முதல். வாரம் 200 கிராம் வாங்கலாம், பழசாகும் பேச்சே இல்லை. பிளாண்டேஷன் 'ஏ' தரம் பாதி, பீபெரி என்கிற உருண்டைக் கொட்டை பாதி, திடத்துக்குக் கொஞ்சம் ரோபஸ்டா என்று உங்கள் வீட்டுப் பாலுக்கு ஏற்றபடி கலந்து தருவார். பால் காபிக்கு அவர் வறுக்கும் கருவறுப்புதான் பொருத்தம்.

மோசம் போகும் இடங்கள் மூன்று. 'பியூர் காபி' என்று கடையில் சொன்னால் சிக்கரி இல்லை என்று மட்டுமே அர்த்தம். அதில் முழுக்க ரோபஸ்டா இருந்தாலும் பியூர்தான். சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று உறையில் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பொட்டலம் கட்டித் தரும் கடையில் வாயால் கேட்டால்தான் தெரியும். ஒரு கடையில் கலப்பில்லாத பொடி என்று ஆறு மாதம் வாங்கிக் குடித்தேன். பிறகுதான் கவனித்தேன், எனக்கு முன்னால் நிற்பவரின் சிக்கரிப் பொடி அரவை இயந்திரத்திலேயே தங்கியிருந்து முதல் பிடியாக என் பொட்டலத்தில் விழுகிறது. இப்போது முதல் பிடியைத் தனியாக எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பீபெரி மோகம். பீபெரி ஒரு ரகம் என்று நினைத்துக் கூடக் காசு கொடுக்கிறோம். எல்லாக் காபிச் செடியிலும் பழத்துக்கு இரண்டு கொட்டை இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டையாக விளையும். அதைச் சல்லடையில் பிரித்தால் பீபெரி. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும் என்பது உண்மை. எந்த மலை, எப்படிப் பறித்தது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மூன்றாவது, தோட்டம் எது என்று கடைக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது. அவர் வாங்குவது தரத்தின் பெயரில், மூட்டை வியாபாரியிடம். கடைக்குள் வருவதற்கு முன்பே பத்துத் தோட்டங்கள் கலந்துவிட்டன.

கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டம்ளருக்கு 8 ரூபாய். சிக்கரி சேர்த்தால் பொடி குறைவாகப் போதும், இன்னும் இறங்கும்.

## ஒரு பார்வையில்

| | பச்சைக் கொட்டை | ஸ்பெஷாலிட்டி பாக்கெட் | முக்குக்கடை |
|---|---|---|---|
| பால் காபிக்கு | வறுப்பு கைவந்தால் அருமை | கருவறுப்பு கேட்டு வாங்கினால் சரி | இதற்கென்றே பிறந்தது |
| பாலில்லாமல் | நன்று, ஆனால் சீராக வராது | சிறந்தது | கசப்பு மட்டும் தெரியும் |
| வறுத்த தேதி | உங்கள் கையில் | உறையில் பாருங்கள் | பெரும்பாலும் அன்றே |
| தோட்டம் தெரியுமா | நேரில் பார்த்திருந்தால் தெரியும் | தெரியும். பரப்பளவு கேளுங்கள் | தெரியாது |
| விவசாயிக்கு | முழுப் பணமும் | ஒரு பகுதி | சந்தை விலை |
| டம்ளருக்கு | 9 ரூபாய், கருகியது தனி | 24 ரூபாய் | 8 ரூபாய் |
| வேலை | நிறைய | கொஞ்சம் | இல்லை |

விவசாயிக்கு முழுப் பணம் என்று போட்டிருப்பதில் ஒரு நெருடல் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் நல்ல வருடம் 300 கிலோ விளைந்தால், வருகிறவர் போகிறவருக்கு விற்பது 40, 50 கிலோ இருக்கலாம். மீதி வியாபாரிக்குத்தான். பறிப்புக்கு முன்னால் முன்பணம் கொடுத்தவரும் அவர்தான் என்றால் விலையும் அவர் சொன்னதுதான். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா வரலாறு காணாத விலைக்குப் போய், பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை பொய்த்ததற்கு அதில் பெரும் பங்கு. அப்படி விலை ஏறும்போது முன்பணம் வாங்காதவருக்குத்தான் கொண்டாட்டம். நேரில் வாங்கும் நாம் செய்யக்கூடிய உருப்படியான உதவி, ஐந்து கிலோவை ஒரு தடவை வாங்குவதைவிட, 'அடுத்த தை மாதமும் பத்துக் கிலோ எனக்கு' என்று முன்கூட்டியே சொல்லிப் பாதிப் பணம் கொடுத்து வைப்பது.

## இரண்டையும் சேர்த்தால்?

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் வந்து நின்றது முதலும் மூன்றாவதும் கலந்த இடத்தில். தோட்டத்திலிருந்து பச்சைக் கொட்டை வாங்கி, முக்குக்கடையில் கூலிக்கு வறுத்துக்கொள்வது. எல்லாக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் இயந்திரம் ஐந்து கிலோ, பத்துக் கிலோ போட்டால்தான் சரியாக வறுக்கும். ஒரு கிலோவோடு போய் நின்றால் சிரிப்பார்கள். ஆகவே இரண்டு மூன்று வீடுகள் சேர வேண்டும். வறுத்ததை அரைக்காமல் கொட்டையாகவே வாங்கிப் பிரித்துக்கொண்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கலாம். கூலியைச் சேர்த்தாலும் டம்ளர் 11 ரூபாயைத் தாண்டாது. தோட்டமும் தெரிகிறது, வறுப்பும் கெடாது.

பால் காபி குடிக்கும் வீட்டுக்கு இதுதான் என் பரிந்துரை. பாலில்லாமல் குடிக்கிறவர் வீட்டில் ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் மாதம் ஒரு ஸ்பெஷாலிட்டி பாக்கெட். மலைப்பாதையில் வண்டியை நிறுத்தும் இடங்களில் 'வீட்டுத் தயாரிப்பு' என்று விற்கும் அரைத்த பொடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். என்றைக்கு வறுத்தது, எதைக் கலந்தது, அந்த மலையில் விளைந்ததா என்று எதையும் பொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மச்சானின் ஐந்து கிலோவில் நாலு கிலோவை, என் பங்கு இரண்டு கிலோவோடு சேர்த்துக் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, விரலால் கலைத்துப் பார்த்து, "நல்லா காய வச்சிருக்காங்க. எந்த ஊரு?" என்று கேட்டார். தாண்டிக்குடி என்றதும், "அவர் போன் நம்பர் இருக்கா?" என்றார். மச்சான் கொடுத்துவிட்டார். மீதி ஒரு கிலோ துணிப்பையில் இருக்கிறது. அதை வறுக்க ஞாயிற்றுக்கிழமை வாணலியோடு என் வீட்டுக்கு வருவதாக மச்சான் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.